இரண்டு நோட்டில் ஒரே முக்கோணம்

சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் எஸ்.ஓ.எம்., அடுத்தது எஃப்.எம். பாடத்திட்டத்தில் முன்னதற்குத் திடப்பொருள் இயக்கவியல் என்றும் பின்னதற்குப் பாய்ம இயக்கவியல் என்றும் கௌரவமான பெயர்கள் உண்டு. ஹாஸ்டலில் எஸ்.ஓ.எம்.மும் எஃப்.எம்.மும்தான். அரியர் கணக்கு எடுத்தால் எங்கள் வகுப்பில் முதல் இரண்டு இடமும் இவற்றுக்கே.

ஒரு செவ்வாயன்று முதல் பீரியடில் ஆசிரியர் ஒரு பீம் வரைந்து, அதன் தலையில் ஒரு முக்கோணத்தை ஏற்றினார். இடது முனையில் சுமை பூஜ்யம், வலது முனையில் மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன். பீம் எந்த இடத்தில் அதிகமாக வளையும், கண்டுபிடி. அந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுமை என்றால் கேள்வித்தாளில் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். மணி அடித்தது. அடுத்து வந்தவர் ஒரு கதவை வரைந்து அதற்குப் பின்னால் தண்ணீரை நிறுத்தினார். மேலே அழுத்தம் பூஜ்யம், அடியில் அதிகம், நடுவில் நேர்கோடு. மறுபடி ஒரு முக்கோணம். மொத்த விசை எவ்வளவு, அது எந்தப் புள்ளியில் தள்ளுகிறது, விடையைப் பெட்டிக்குள் போடு. முடிந்தது. ஒன்றை நீல அட்டை நோட்டிலும் மற்றதைப் பச்சை அட்டை நோட்டிலும் வரைந்து வைத்தேன். இரண்டும் ஒரே முக்கோணம் என்று மண்டையில் ஏற அடுத்த ஆனி மாதம் வரை ஆயிற்று.

மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப்பார்த்திருந்த நேரம். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைமதகுக்குப் பெரியப்பாவோடு போயிருந்தேன். லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்குவதற்காகக் காத்திருந்தோம். தண்ணீர் இல்லாத பக்கம் இறங்கி நின்று பார்த்தால் இரும்புப் பலகையின் முதுகு தெரிந்தது. குறுக்கே பற்றவைத்த சட்டங்கள் மேலே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. கீழே வர வர நெருக்கம். அடியில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு கைதான் போகும்.

“ஏன் பெரியப்பா, கீழ மட்டும் இவ்வளவு நெருக்கமா வச்சிருக்காங்க?”

“கீழதானடா தண்ணி முட்டும்” என்றார். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை.

பச்சை நோட்டின் முக்கோணத்தை ஒரு பட்டறைக்காரர் இரும்பில் எழுதி வைத்திருந்தார். அதையே நீல நோட்டின் பீமாகவும் ஆக்கியிருந்தார். கணக்கும் மனசுக்குள்ளேயே போடக்கூடியதுதான். தண்ணீர் 2 மீட்டர் நின்றால் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். மேலே ஒன்றுமில்லை. சராசரி 1 டன். கதவின் அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் நனைந்த பரப்பு 3 சதுர மீட்டர். ஆகத் தண்ணீர் தள்ளும் தள்ளு 3 டன். அது கதவின் நடுவில் செயல்படாது. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது முக்கோணத்தின் கனம் எங்கே இருக்கிறதோ அங்கே செயல்படும். தண்ணீர் 4 மீட்டராக ஏறினால் அழுத்தமும் இரட்டிக்கும், பரப்பும் இரட்டிக்கும், தள்ளு 12 டன் ஆகிவிடும். ஆற்றில் தண்ணீர் ‘கொஞ்சம்’ ஏறியதும் ஊரே கரைக்கு ஓடுவது ஏன் என்பதற்கு இந்த நான்கு மடங்கு பாதி பதில்.

அப்புறம் கதவைத் தூக்க வேண்டுமே. 3 டன் தள்ளில் கதவு, இரண்டு பக்கச் சுவரிலும் அது ஏறி இறங்குகிற பள்ளத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தால்கூட கதவின் சொந்த எடை போக 1.2 டன் இழுக்க வேண்டும். அதனால்தான் மேலே அந்த நீளத் திருகும் கைப்பிடிச் சக்கரமும். லஸ்கர் அலட்டிக்கொள்ளாமல் சுற்றுவார். ஐம்பது சுற்று சுற்றினால் கதவு ஒரு சாண் ஏறும். அந்தத் திருகும் முதலாண்டு மெக்கானிக்ஸில் வந்துபோன கணக்குதான்.

எஃப்.எம். முக்கோணத்தைக் கண்டுபிடித்ததும் நிறுத்திக்கொள்கிறது. எஸ்.ஓ.எம். முக்கோணத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. நடுவில் மணி அடித்துவிடுகிறது. இந்த இரண்டு பாடங்களும் மாணவர்களுக்குக் கசப்பதற்குக் கணிதம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் இந்த மணிதான் என்பது என் கட்சி.

மேட்டூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அவ்வளவு பெரிய ஏரி, அத்தனை தண்ணீரும் அணையின் மேல்தானே சாய்கிறது’ என்று டீக்கடையில் கேட்டிருக்கிறேன். 93.47 டி.எம்.சி. என்கிற கொள்ளளவுக்கும் அணையின் மேல் விழும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அழுத்தத்துக்குத் தெரிந்தது ஆழம் மட்டும். 120 அடி என்றால் 36.6 மீட்டர், அந்த ஆழத்தில் சதுர மீட்டருக்கு 36.6 டன். பின்னால் தண்ணீர் அரை மைல் நின்றாலும் முப்பது மைல் நின்றாலும் அதே எண்தான். 1934இல் கட்டி முடித்த அந்த அணை தன் சொந்த எடையால் நிற்கிற வகை. மேலே ஒடுங்கி அடியில் அகன்றிருக்கிறதே, அதுவும் நம் முக்கோணத்துக்குக் கட்டியவர்கள் சொன்ன பதில்.

சரி, திடத்தையும் பாய்மத்தையும் பிரிக்கிற கோடு எங்கே இருக்கிறது? கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இயக்கவியல் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு பொருளின் மேல்தளத்தை ஒரு பக்கமாகவும் அடித்தளத்தை மறுபக்கமாகவும் இழு. சீட்டுக்கட்டின் மேல் கைவைத்துத் தள்ளுவது மாதிரி. பள்ளிப் புத்தகம் இதைச் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு என்கிறது. இரும்பு கொஞ்சம் சாயும், அதோடு நின்றுவிடும். எவ்வளவு சாய்ந்தது என்பதுதான் அங்கே கேள்வி. தண்ணீர் நிற்கவே நிற்காது. எவ்வளவு சிறிய தள்ளாக இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே கேள்வி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது. சதுர மீட்டருக்கு எவ்வளவு விசை என்பது தகைவு, உருவம் எவ்வளவு மாறியது என்பது திரிபு. திடத்தில் தகைவைத் திரிபோடு ஒப்பிடுகிறோம், பாய்மத்தில் தகைவைத் திரிபின் வேகத்தோடு. இரண்டு தடிப் புத்தகங்களுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இந்த ஒரு சொல்தான்.

அந்தக் கோடும் நிலையாக நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் கீல் ஊற்றி வைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி சிதறுகிற கீல். 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார்கள். ஒன்பதாவது சொட்டு பிரிந்தது 2014இல். அவசரமாகக் கேட்டால் திடம், காத்திருந்து கேட்டால் திரவம்.

நம் வீட்டு அடுப்படியில் இந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழ்வழிப் புத்தகம் பாய்மத்தின் உள் உராய்வுக்கு வைத்திருக்கும் பெயர் பாகுநிலை. கலைச்சொற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, கலைச்சொல்லைக் கண்டு பையன்கள் பயப்படுவார்கள் என்று பேசினார்கள். பாகு என்றால் என்னவென்று தெரியாத பையன் யார்? அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சும்போது அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பாகை ஒரு சொட்டு விடுவார். கரைந்து பரவினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் உருண்டு வந்து, வைத்த இடத்தில் அப்படியே நின்றால் பதம். அம்மா அங்கே அளப்பது ஒரு தகைவின் வரம்பை. அதற்குக் கீழே பொருள் தன் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைத் தாண்டி அழுத்தினால் ஓடும். பற்பசை அப்படி, கலவை போட்ட கான்கிரீட் அப்படி, நடவுக்கு உழுத சேறும் அப்படித்தான். இந்த நடுவாந்தரப் பொருள்களைப் படிப்பதற்கு ரியாலஜி என்று தனியாக ஒரு துறையே 1920களில் கிளம்பியது.

டெல்டாக்காரனுக்குச் சேற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலை வைத்தால் முழங்கால் வரை வாங்கும், அங்கே நின்றுவிடும். அந்த ஆழத்தில் சேற்றின் தாங்குசக்தியும் நம் எடையும் சமம். நேராக உருவினால் விடாது, அடியில் வெற்றிடம் உண்டாகிப் பிடித்து இழுக்கும். நடவுக்கு வருகிறவர்கள் முதலில் குதிகாலைத் தளர்த்துவார்கள். அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கியதும் கால் சுலபமாக வந்துவிடும். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ‘மண்ணின் பண்பு’ பார்க்க வந்த எங்கள் வகுப்புப் பையன்கள் நாலு பேர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு பாடங்களும் தொடக்கத்திலேயே பிரிந்தவையா என்று பார்த்தால் அதுவும் இல்லை. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு என்றாலே பயப்படுகிறோமே, அந்த நேவியர் பிரான்சின் பாலம்-சாலை கல்லூரியில் பாடம் நடத்திய சிவில் இன்ஜினியர். 1821இல் மீள்தன்மையுள்ள திடப்பொருளுக்கும் 1822இல் பாகுநிலையுள்ள பாய்மத்துக்கும் அடுத்தடுத்துச் சமன்பாடு எழுதி அறிவியல் அகாடமியில் படித்தார். கிட்டத்தட்ட ஒரே யோசனை. துகள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன, தள்ளுகின்றன, அதைக் கூட்டிப் பார். அதே வருடங்களில் கணித அறிஞர் கோஷி ‘தகைவு’ என்கிற கருத்தை இன்றைக்கு நாம் படிக்கிற வடிவத்தில் நிறுத்தினார். பொருளுக்குள் ஒரு கற்பனை வெட்டு போடு, அந்த முகத்தில் சதுர மீட்டருக்கு எவ்வளவு விசை என்று கேள். உள்ளே இரும்பா தண்ணீரா என்று அந்தக் கேள்விக்குக் கவலையே இல்லை.

நேவியருக்கு ஒரு சோகமும் உண்டு. பாரிஸில் சேன் நதியின் மேல் அவர் வடிவமைத்த தொங்குபாலம் 1826இல் முடியும் தறுவாயில் இருந்தது. சங்கிலியைப் பிடித்திருந்த நங்கூரக் கட்டுமானத்தில் விரிசல். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்து மண் ஊறியதில் நிலைமை மோசமாகி, திறக்காமலே பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். திடத்துக்கும் பாய்மத்துக்கும் சமன்பாடு எழுதியவரை மண்ணுக்குள் போன தண்ணீர் கவிழ்த்தது.

தேர்வில் பீம் கணக்கைத் தப்பாகப் போட்டவர்களுக்கு ஒரு ஆறுதல்: கலிலியோவும் தப்பாகத்தான் போட்டார். சுவரில் செருகிய மரக்கட்டையின் முனையில் எடையைத் தொங்கவிட்டால் எப்போது ஒடியும் என்ற கணக்கு 1638இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. கட்டை முழுவதும் ஒரே சீராக இழுபடுகிறது, அடி விளிம்பில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டார். உண்மையில் வளைகிற கட்டையின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும், நடுவில் ஒரு கோடு சும்மா இருக்கும். அதனால் அவர் சொன்ன பலம் நிஜத்தைப்போல மூன்று மடங்கு. இதை ஒழுங்காகத் தீர்க்க, மேலும் கிட்டத்தட்ட இருநூறு வருடம் பிடித்தது. தீர்த்துப் பாடப்புத்தகத்தில் போட்டவர் மேலே சொன்ன அதே நேவியர்.

அந்த ‘ஒரு பக்கம் இழுப்பு, மறுபக்கம் அமுக்கம்’ என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கருங்கல்லை அமுக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சந்தேகம். மண்டபத்தின் கல் உத்தரம் கூரையின் எடையில் மிக லேசாக வளைகிறது, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆகவே தூண்களை நெருக்கி வை. ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் கால் எதற்கு என்று கேட்டால் பக்தியும் பெருமையும் முதல் காரணம், கல்லின் இழுப்புப் பலவீனம் இரண்டாவது. பெரிய கோயில் விமானத்தைப் பாருங்கள். 1010இல் ராஜராஜன் முடித்தது, உயரம் 216 அடி, சுமார் 66 மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் எடையுள்ள கல்லை அந்த உயரத்துக்கு ஒரே தூணாக அடுக்கினால் அடியில் சதுர மீட்டருக்கு 178 டன். கேட்கப் பயமாக இருந்தாலும் கல் நொறுங்க வேண்டுமானால் பத்தாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். ஐம்பதில் ஒரு பங்குகூட வரவில்லை. கல்லுக்கு அங்கே வேலையே இல்லை என்றுகூடச் சொல்லலாம். பாரத்தை வாங்குவது அடியில் இருக்கிற நிலம். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே பத்து மைல் போனால் கோடையில் கை நுழையுமளவுக்குப் பிளக்கிற களிமண். கோயில் எழுந்தது மேட்டில், கெட்டியான தரையில். இடத்தைத் தேர்ந்தவருக்கு எஸ்.ஓ.எம். தெரியுமோ தெரியாதோ, மண் தெரிந்திருக்கிறது.

ஆய்வகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஓ.எம். லேபில் யு.டி.எம். என்ற யந்திரம் ஒரு கம்பியை இழுத்து அறுக்கும். விரல் தடிமன் இருக்கிற 12 மில்லிமீட்டர் 500 கிரேடு கம்பி, 5.7 டன் வரை முகம் சுளிக்காது. பிறகு நீள ஆரம்பிக்கும், ஒரு இடத்தில் கழுத்து மாதிரி ஒடுங்கும், பட்டாசு சத்தத்தோடு அறும். யாரும் மறக்க மாட்டார்கள். எஃப்.எம். லேப் அப்படியில்லை. வி வடிவ வெட்டின் வழியாக விழும் தண்ணீரை அளந்து ஒரு கெழு கண்டுபிடிக்க வேண்டும். அது 0.6க்குப் பக்கத்தில் வரும் என்று சீனியர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பதால், எங்கள் கல்லூரியில் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவீடுகளை எழுதுகிற கலை செழித்திருந்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அந்த லேபை விடக் காவிரிப் படித்துறையில் எஃப்.எம். நன்றாகப் புரியும். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு ஆற்றில் விடுகிற வாழைமட்டையைக் கண்ணால் தொடர்ந்துபோனால், ஒரு துளியின் கதை கிடைக்கும். படியில் உட்கார்ந்து எதிரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தின் கதை கிடைக்கும். முதல் பார்வைக்கு லக்ராஞ்சின் பெயர், இரண்டாவதற்கு ஆய்லரின் பெயர். திடத்தில் முதல் பார்வை இயல்பு, ஏனென்றால் இரும்புக்குத் தன் பழைய உருவம் நினைவிருக்கிறது. எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் உண்டு. தண்ணீருக்கு அப்படி ஒரு நினைவு கிடையாது. அதனால் எஃப்.எம். பெரும்பாலும் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. இந்த இடமாற்றத்தை யாரும் சொல்லித் தராததால்தான், முடுக்கத்துக்கு எழுதுகிற சூத்திரத்தில் திடீரென்று நாலு உறுப்பு எங்கிருந்து முளைத்தது என்று பையன் விழிக்கிறான்.

வாய்க்கால் அமைதியாக ஓடுகிறது என்பதும் கண்ணின் ஏமாற்றுதான். 1883இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டு, எப்போது நூல்போல ஓடும், எப்போது கலையும் என்று காட்டினார். ஓட்டத்தின் வேகம், அளவு, பாகுநிலை மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு எண் அவர் பெயரில் இருக்கிறது. குழாயில் அது சுமார் 2,000ஐத் தாண்டினால் கலக்கம் தொடங்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் சாதாரண வாய்க்காலில் அந்த எண் சில லட்சம். உள்ளே முழுக்கச் சுழல். அந்தச் சுழலைக் கணக்கில் முழுசாகப் பிடிக்க இன்னும் வழியில்லை. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு எல்லா நேரத்திலும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்தது அப்படியே இருக்கிறது. நீர்வளத்துறை அதற்காகக் காத்திருக்க முடியாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வேகத்தைச் சொல்லும் மேனிங் சூத்திரத்தில் ‘சொரசொரப்பு’ என்று ஒரு எண் போட்டு வேலையை முடிக்கிறார்கள். சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவில் வைப்பார்கள். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால் அது இரண்டு மடங்கும் ஆகும், அதற்கு மேலும் போகும். இரண்டு மடங்கானால் அதே ஆழத்தில் ஓடும் தண்ணீர் பாதி. தலைமதகில் முழு அளவு திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்று வருடா வருடம் நடக்கும் சண்டை, சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு எண்ணைப் பற்றியது.

இனி மண். ஐந்தாவது செமஸ்டரில் மண் இயக்கவியல் வரும்போதுதான் நீல நோட்டும் பச்சை நோட்டும் வேறு வழியில்லாமல் ஒரே பைக்குள் போகின்றன. மண் பாதி திடம், இடுக்கெல்லாம் தண்ணீர். 1856இல் பிரான்சின் திழோன் நகரக் குடிநீர்த் திட்டத்துக்காக டார்சி மணல் வழியே தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். நீர்மட்ட வித்தியாசத்தை, தண்ணீர் கடக்கும் தூரத்தால் வகுத்தால் வருகிற சரிவு எவ்வளவோ, கசிவும் அந்த அளவுக்கு. 1925இல் டெர்சாகி அடுத்த படியை எடுத்து வைத்தார். மண்ணின் மேல் இருக்கும் மொத்தத் தகைவில் ஒரு பங்கை இடுக்கில் உள்ள தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, மீதியைத்தான் மணலும் மணலும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தாங்குகின்றன. அந்த மீதிதான் மண்ணின் பலம். தண்ணீரின் பங்கு ஏறினால் மீதி குறையும். மேல்நோக்கிக் கசியும் தண்ணீரின் சரிவு ஏறத்தாழ 1ஐ எட்டினால் மீதி பூஜ்யம். மணலை மணல் தாங்கவில்லை. அந்த நொடியில் நேற்றுவரை திடமாக இருந்த தரை பாய்மம்.

மணலின் மேல் அணை கட்டுகிறவன் எல்லோருக்கும் இதுதான் தலைவலி. காவிரியில் பாறை தேடித் தோண்டினால் முடிவே இல்லை. கரிகாலன் பெயரோடு நிற்கிற கல்லணை, பாறையைத் தேடவே இல்லை. ஓடும் ஆற்றில் பெரிய கற்களைப் போட்டால் அடியில் மணல் அரிபடும், கல் தானாகவே இறங்கும், மேலே இன்னொன்று போடு, இனி இறங்காது என்கிற வரைக்கும். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த ஊர் மக்களிடமிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டன் எழுதி வைத்திருக்கிறார். காவிரி மணல்மேடிட்டுத் தண்ணீர் கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், கல்லணையில் மணல்போக்கிகளைத் திறந்துவிட்டவர், 1836இல் முக்கொம்பு மேலணையைக் கட்டியவர் அவர். அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகளில் சில 2018 ஆகஸ்ட் 22 இரவு இடிந்து ஆற்றோடு போயின. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை எழுந்தது. நூற்றெண்பது வருடம் மணலில் நின்றதை எண்ணி வியப்பதா, ஒரே இரவில் போனதை எண்ணிப் பயப்படுவதா என்று அந்த வாரம் முழுக்க எங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விவாதம்.

அணைக்கு அடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதற்கு 1910இல் பிளை ஒரு கட்டைவிரல் கணக்கு கொடுத்தார். அணையின் அடியை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து போகிறது, ஊரும் பாதையை நீட்டினால் போதும், படுக்கையாக நீட்டினாலும் செங்குத்தாக நீட்டினாலும் ஒன்றே. பஞ்சாபில் அந்தக் கணக்குப்படி கட்டிய கால்வாய்க் கட்டுமானங்களில் கோளாறு வந்தபோது, ஏ.என். கோஸ்லாவும் சகாக்களும் அடியில் குழாய் இறக்கி அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். பிளையின் கணக்கு ஒத்துவரவில்லை. 1936இல் அவர்கள் வெளியிட்ட முறையில் முக்கியமான கேள்வி பாதையின் நீளம் இல்லை, கடைசியில் தண்ணீர் மணலிலிருந்து மேலே வெளிவரும் இடத்தில் சரிவு எவ்வளவு என்பதே. அங்கே ஆழமாக ஒரு தடுப்புச் சுவர் இறங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே எவ்வளவு நீளத் தளம் போட்டும் பயனில்லை. மணல் வெளிவாசலில் கிளம்பி, ஒவ்வொரு பிடியாக அணைக்கு அடியில் பின்னோக்கிக் குடைந்துகொண்டே போகும்.

அந்த வெளிவாசலை நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஐப்பசி அடைமழை, ஆறு கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. கரைக்கு வெளியே, அடியிலிருந்து நாலைந்து அடி தள்ளி, வயலோரத்தில் ஊற்று கிளம்பிவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்குகிறது. சுற்றிலும் மணல் சின்ன எறும்புப்புற்று போலக் குவிந்திருக்கிறது. எங்களில் ஒருவன் களிமண் உருண்டையோடு ஓடி வந்து அதன் வாயை அடைக்கப் போனான். பழைய லஸ்கர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆனவர், கையைப் பிடித்துவிட்டார்.

“அடைக்காத தம்பி. இங்க அடைச்சா பக்கத்துல பிச்சுக்கும். தண்ணி வரட்டும். மண்ணுதான் வரக்கூடாது.”

மணல் மூட்டைகளை ஊற்றைச் சுற்றி வட்டமாக அடுக்கச் சொன்னார், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வைப்பது போல. வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. உள்ளே ஒரு அடி ஏறினால் ஆற்று மட்டத்துக்கும் இங்கே இருக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அடி குறைகிறது. கடக்கும் தூரம் அதேதான், ஆகவே சரிவு குறைகிறது, மணலைத் தூக்குகிற பலத்தைத் தண்ணீர் இழந்துவிடுகிறது. டார்சி, டெர்சாகி, கோஸ்லா மூவரும் மழையில் நனைந்துகொண்டு அங்கே நின்ற மாதிரி எனக்குப் பட்டது. லஸ்கர் பாட்டுக்கு பீடியைப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசை மூட்டை வைத்து முடிக்கும்போது மணி இரண்டு இருக்கும். கையால் ஒரு குத்துத் தண்ணீரை அள்ளி டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். தெளிவாக இருந்தது.